குத்துவிளக்குக்கு லாக்கர் பூசலாமா?

திரிநூல்:
கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த மூன்றடி குத்துவிளக்கு ஒரே வருடத்தில் கறுத்துவிட்டது. பாலிஷ் போட்டு லாக்கர் பூசித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஏற்றுவேன். பூசலாமா?

அன்னமுடி:
வேண்டாம். லாக்கர் என்பது பித்தளையில் காற்று படாமல் காக்கும் மெல்லிய படலம். ஷோகேஸ் சிலைக்குச் சரி. விளக்கில் திரி எரியும் மூக்கு சூடாகும். அங்கே படலம் முதலில் பழுப்பாகும், அப்புறம் உரியும். உரிந்த இடம் மட்டும் திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

மாடக்குழி:
மூக்கை விடுங்கள், தண்டுக்கும் பீடத்துக்கும் சூடு ஏறாதே. அங்கே பூசினால் என்ன? எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் என்றாலே அம்மா கொல்லையில் புளியும் சாம்பலுமாக உட்கார்ந்திருப்பார். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அந்தப் பாட்டை நான் மறக்கவில்லை. வேலைக்குப் போய் வருகிறவர்களையும் அதைச் செய்யச் சொல்லாதீர்கள்.

அன்னமுடி:
அம்மா பட்டது பெரிய பாடுதான். ஆனால் முழு விளக்கையும் வாராவாரம் தேய்க்கத் தேவையில்லை. கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவில் ஊரில் செய்யும் விளக்குகளில் பீடம், தண்டு, எண்ணெய் விடும் தட்டு, உச்சியில் அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்துக் கடைந்து திருகில் மாட்டியவை. தட்டை மட்டும் கழற்றி வாரம் ஒருமுறை தேய்த்தால் போதும். தண்டு மாதத்துக்கு ஒருமுறை.

தண்டில் பூசினாலும் எண்ணெய் வழிந்து பிசுக்கு ஏறும். அதைத் தூள் போட்டுத் தேய்த்தால் படலம் கீறிவிடும். கீறல் வழியே கறுப்பு அடியில் இறங்கும். அப்புறம் எந்தப் புளிக்கும் அது போகாது, லாக்கரையே எடுக்க வேண்டிவரும். புளியில் தேய்த்ததும் நன்றாகக் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். ஈரம் தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

எண்ணெய்க்கிண்ணம்:
பளபளப்பு எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. கோவிலில் எண்ணெய் ஊறிக் கறுத்த விளக்கைப் பார்த்துத்தானே கும்பிடுகிறோம்?

மாடக்குழி:
கோவில் வேறு, வீடு வேறு. துலக்கிய விளக்கைப் பார்த்தால்தான் எனக்கு ஏற்றவே மனசு வரும். பிசுக்கை ஈரத்துணியால் துடைத்தால் போதும், தூள் எதற்கு? தண்டுக்கு லாக்கர் பூசலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

திரிநூல்:
கழற்றிப் பார்த்தேன். தட்டு வந்துவிட்டது. தண்டும் பீடமும் இறுகிக் கிடக்கின்றன, அசையவில்லை.

அன்னமுடி:
இணைப்பில் தேங்காய் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் துணி சுற்றிக் கையாலேயே திருகுங்கள். இரும்பு இடுக்கி போட்டால் பித்தளையில் தழும்பு விழும்.