மெல்பர்ன் கோப்பை: மைதானத்தில் மரணம் குறைந்தால் குதிரைக்கு நலம் என்று சொல்லிவிடலாமா?

கேள்வி – மெல்பர்ன்வாசி

வணக்கம். நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை இங்கே மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்காகவே பொது விடுமுறை. அதையொட்டி அலுவலகத்தில் ஆளுக்குச் சில டாலர் போட்டு, குதிரைப் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது வழக்கம். நானும் பல ஆண்டுகளாகப் போட்டு வந்திருக்கிறேன். 2020 பந்தயத்தில் ஆன்டனி வான் டைக் என்ற குதிரை ஓடும்போதே கால் முறிந்து, அங்கேயே ஊசி போட்டுக் கொல்லப்பட்டதை அண்மையில் அறிந்த என் மகள், "கட்டுப்போட்டால் ஆறாதா அப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. 2013 முதல் 2020 வரை இந்தக் கோப்பைக்காக ஓடிய ஆறு குதிரைகள் ஓட்டத்திலோ அதையொட்டியோ இறந்திருக்கின்றன. அதன் பிறகு நிலைமை உண்மையிலேயே மாறியிருக்கிறதா?

பதில் – லாயத்துப் பக்கம்

குதிரை மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்ப்பவள் என்ற முறையில், உங்கள் மகளின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரை முழு வேகத்தில் பாயும்போது, தரையில் ஊன்றும் ஒற்றை முன்னங்காலின் மீது அந்த எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசை இறங்குகிறது. முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, தசைநாண், தோல் அவ்வளவுதான். ஆகவே முறிந்த எலும்பு தோலைக் கிழித்து வெளியே வருவதும் இரத்த ஓட்டம் அறுபடுவதும் எளிதில் நடந்துவிடுகின்றன. மனிதரைப் போல மாதக்கணக்கில் படுத்திருக்கவும் குதிரையால் இயலாது. மற்ற கால்களில் எடையைத் தாங்கி நின்றால் அந்தக் குளம்புகளின் உட்புறம் அழன்று, எலும்பு குளம்பை விட்டே விலகத் தொடங்கும். அமெரிக்காவில் 2006-இல் கால் முறிந்த பார்பரோ என்ற குதிரைக்குச் சிறந்த அறுவை சிகிச்சை கிடைத்தது. எலும்பு பெருமளவு கூடியும், குளம்பு நோயால்தான் 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த முறிவுகளில் பல, கால் இடறியதால் நேர்பவை அல்ல. வேகப் பயிற்சியில் எலும்பில் விழும் நுண்விரிசல்கள் ஆறுவதற்குள் அடுத்த பயிற்சியும் அடுத்த பந்தயமும் வந்துவிடுகின்றன. பார்ப்பவருக்கு விபத்தாகத் தெரிவது, உள்ளே வாரக்கணக்கில் சேர்ந்து வந்த சேதத்தின் கடைசி நாள்.

பதில் – பழைய பந்தய ரசிகன்

அம்மா சொன்ன அந்த நுண்விரிசலைத்தான் இப்போது முன்கூட்டியே தேடுகிறார்கள். 2021 முதல் வெளிநாட்டுக் குதிரைகளுக்கு ஸ்கேன் பரிசோதனைகள் கட்டாயம். அப்படி வரும் குதிரைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. இங்கிலாந்தின் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்ற ஜான் பிரூகல் என்ற குதிரையை 2024-இல் சி.டி. ஸ்கேனைப் பார்த்த கால்நடை மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். குதிரை நன்றாகத்தான் இருக்கிறது என்று அதன் பயிற்சியாளர் எய்டன் ஓ பிரையன் வெளிப்படையாகவே வருத்தப்பட்டும் முடிவு மாறவில்லை. கோப்பைக்கான ஓட்டத்தில் 2021 முதல் 2024 வரை எந்தக் குதிரையும் இறக்கவில்லை. பந்தயக்காரர்களைக் குறை கூறுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பதில் – வேலிக்கு வெளியே

சேர்த்துக்கொள்கிறேன், ஐயா, ஸ்கேன் நல்ல ஏற்பாடு. ஆனால் கோப்பை என்பது ஆண்டில் ஒரு நாள், நான்கு நிமிடம்கூட நீடிக்காத 3,200 மீட்டர் ஓட்டம். சிற்றூர்ப் பந்தயங்களில் ஓடும் மலிவான குதிரைக்கு அதே அக்கறை கிடைக்கிறதா என்பதுதான் என் சந்தேகம். சாட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய விதிப்படி கடைசி 100 மீட்டருக்கு முன்பு ஐந்து முறைக்கு மேல் அடிக்கக் கூடாது. ஆனால் குதிரை மிகவும் களைத்திருக்கும் அந்தக் கடைசி 100 மீட்டரில் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. குதிரையின் தோல் மனிதத் தோலைப் போலவே வலியை உணரும் அமைப்புடையது என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நார்வே 1982-லேயே அடிப்பதைத் தடை செய்தும், அங்கே பந்தயம் நின்றுவிடவில்லை.

ஓட்டம் முடிந்த பிறகு நடப்பதோ இன்னும் இருட்டு. 2019 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி, ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள் இறைச்சிக்கூடத்துக்குப் போவதைப் படம்பிடித்துக் காட்டியபோதுதான் பலருக்கும் அது தெரியவந்தது. பிறக்கும்போது பதிவு செய்து, ஒவ்வொரு ஓட்டத்தையும் நொடிக்கணக்கில் குறித்துவைக்கும் துறைக்கு, அதே குதிரை ஐந்தாறு வயதில் எங்கே போகிறது என்று குறித்துவைப்பது மட்டும் ஏன் கடினமாக இருக்க வேண்டும்?

மெல்பர்ன்வாசி

அனைவருக்கும் நன்றி. கட்டுப்போட முடியாத காரணத்தை மகளிடம் விளக்கினேன். "அப்படியென்றால் உடையுமுன்பே தெரிந்திருக்க வேண்டும்" என்றாள். ஸ்கேன் பற்றிச் சொன்னேன். இந்த முறை சீட்டுப் பணத்தை, ஓய்வு பெற்ற குதிரைகளை வாங்கிப் பராமரிக்கும் ஒரு பண்ணைக்குக் கொடுக்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை இருவர் சம்மதித்திருக்கிறார்கள்.