போர்ட் பார்வர்டிங்: ‘முன்னனுப்பல்’ வேண்டாம், ‘திருப்பல்’ போதும்

வணக்கம் அண்ணே,

ரவுட்டர் பக்கத்துக்கான தமிழ்ச் சொற்களில், நேட்டுக்கு (ஒரே பொது முகவரியில் பல கருவிகள் இணையத்துக்குப் போக ரவுட்டர் முகவரியை மாற்றி எழுதும் முறை) ‘முகவரி மாற்றம்’, போர்ட் பார்வர்டிங்குக்கு ‘துறை முன்னனுப்பல்’ என்று எழுதியிருந்தீர்கள். ‘முகவரி மாற்றம்’ என்றதும் ரேஷன் கார்டும் வங்கிப் படிவமும்தான் கண்முன் வரும். ‘முகவரிப் பெயர்ப்பு’ என்று வைத்தால் அந்தக் குழப்பம் தீரும். என் வழக்கு இரண்டாவது சொல்லோடுதான்.

இணையத்தின் பழைய 32 பிட் முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. அது பற்றாது என்றுதான் 1994இல் ஆர்எஃப்சி 1631 என்ற இணைய நெறி ஆவணம் நேட்டைக் கொண்டுவந்தது. நம்ம செட்டிநாட்டுப் பெரிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு ஒரே கதவிலக்கம், உள்ளே வளவைச் (முற்றம்) சுற்றிப் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு ஆணின் குடும்பத்துக்கும்) ஓர் அறை. உள்ளிருந்து யார் கடிதம் போட்டாலும் முகப்பில் இருக்கும் கணக்குப்பிள்ளை (ரவுட்டர்தான் அவர்) பேரேட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் அந்த வரியைப் பார்த்து உரிய புள்ளிக்குக் கொடுப்பார். பேரேட்டில் வரி இல்லாத கடிதம் உள்ளே போகாது. போர்ட் பார்வர்டிங் என்பது அதில் நாமே முன்கூட்டி எழுதிவைக்கும் நிரந்தர வரி. போர்ட், அதாவது துறை, வந்தது எந்தச் சேவைக்கு என்று காட்டும் எண்.

கானாடுகாத்தானில் பூட்டிக்கிடக்கும் ஒரு வீட்டின் கேமராவுக்கு நான் போட்ட வரி இது: வெளித்துறை 8554, உள்முகவரி 192.168.1.50, உள்துறை 554, நெறிமுறை டிசிபி. அந்த 50 மாறாமலிருக்க, ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்கு உள்முகவரி கொடுக்கும் வசதி) பக்கத்தில், டிவிஆரின் (கேமரா படங்களைப் பதியும் பெட்டி) மேக் முகவரிக்கு, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணுக்கு, அதை ஒதுக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போய்வந்த ஒருநாள் அதே முகவரி வேறு கருவிக்குப் போய்விடலாம். (554ஐ 8554 ஆக்கியது பாதுகாப்பு ஆகாது. டிவிஆரோடு வந்த கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். முடிந்தால் வரியே போடாமல் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் போகும் மறைகுறியிட்ட தனிவழி) வழியாகப் பாருங்கள்.)

ஆக, இங்கே எதுவும் ‘முன்னால்’ போகவில்லை. வந்த பொட்டலத்தின் (பாக்கெட்) சேருமிட முகவரியையும் துறை எண்ணையும் ரவுட்டர் மாற்றி எழுதி உள்ளே திருப்பிவிடுகிறது. காரைக்குடியில் கேமரா மாட்டும் பையன்கள் போனில் சொல்வதும் அதுதான்: “போர்ட்டை டிவிஆருக்குத் திருப்பி விட்டாச்சுண்ணே.” அதனால் ‘துறைத் திருப்பல்’ என்கிறேன். மெனுவிலும் அடங்கும். யாராவது அதை ‘திருப்பியனுப்பல்’ என்று நீட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வந்த வழியே போகச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

‘துறை’ என்றால் அரசுத் துறையா என்று ஒருவர் கேட்டிருந்தார். ரவுட்டர் பக்கத்தில் வருவாய்த் துறை வராது, விடுங்கள். போர்ட்டுக்கு ‘வாயில்’ என்று பெயர் வைத்தால்தான் சிக்கல், கேட்வேயை ஏற்கெனவே நுழைவாயில் என்கிறோம்.

அப்புறம், இணைய நிறுவனமே தன் பக்கத்தில் நேட் போடுவதற்கும் ஒரு பெயர் தேவை. ரவுட்டரின் வான் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், அதுதான். 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய முகவரிகள் அவை. அங்கே நம் ரவுட்டரில் எத்தனை வரி எழுதினாலும் வெளியிலிருந்து ஒன்றும் வந்து சேராது. நிலையான பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், இல்லை ஐபிவி6க்கு (128 பிட் புதிய முகவரி முறை) போக வேண்டும். இப்போதைக்கு ‘நிறுவனப் பெயர்ப்பு’ என்று எழுதிவருகிறேன். எனக்கே அது பிடிக்கவில்லை. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.