மரப்பிடி ஊதி மடக்குக்கத்தி திறக்கவில்லை. அடுத்து எதை வாங்கலாம்?

காரைக்கால் பேத்தி (சேந்தாந்த்ரே, ரியூனியன்)

வணக்கம். மணமாகி இந்தத் தீவுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்குப் பின்னால் சிறிய வெனிலாத் தோட்டம். வெள்ளிதோறும் கோயிலில் மாலை கட்டும் பணி. கையில் எப்போதும் ஒரு மடக்குக்கத்தி வேண்டும். நார் அறுக்க, வாழையிலை நறுக்க, எலுமிச்சை அரிய, சாக்குக் கட்டைப் பிரிக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

சந்தையில் வாங்கிய, பெயர் பொறிக்காத மரப்பிடிக் கத்தி ஒன்று மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. கரிம எஃகு அலகு. போன வாரம் விடாமல் மழை பெய்தபோது திண்ணையில் மறந்து வைத்துவிட்டேன். இப்போது பிடி ஊதி அலகைக் கவ்விக்கொண்டது. நகத்தால் இழுத்தால் நகம்தான் பிய்கிறது. பிளவு வழியே பார்த்தால் அலகில் செம்புள்ளிகள் தெரிகின்றன. இதற்கு முன்பே எலுமிச்சை அரியும்போது பழத்தில் இரும்பு வாடை வந்துகொண்டிருந்தது. அம்மனுக்கு வைக்கும் பழத்தில் கறுப்புக் கறையைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

தைப்பூசக் காவடி நெருங்குகிறது. இதைக் காப்பாற்ற முடியுமா? புதிதாக வாங்குவதென்றால் எது நல்லது? பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாமா?

மலைநடை (பிளேன் தே பால்மிஸ்த்)

அக்கா, தூக்கி எறிந்துவிடாதீர்கள். மரம் தண்ணீரைக் குடித்திருக்கிறது, அவ்வளவுதான். இடுக்கி போட்டு இழுக்க வேண்டாம். சட்டென்று விடுபட்டால் கை போய்விடும். பிடியை முதுகுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, அதன் வால் முனையை ஒரு கனமான பலகையில் தட்டுங்கள். விரல்கள் பிளவுக்கு அருகில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு தட்டுக்கும் அலகு நெல்மணி அளவு மேலே எழும்பும். ஆல்ப்ஸ் மலையிலுள்ள சவோய்க்காரர்களின் பழைய வித்தை இது.

திறந்ததும் மடக்காமல் ஒரு வாரம் நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். வெயிலில் வைத்தால் பிடி வெடிக்கும். பிறகு ஒரு தடித்த அட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, பிளவின் இரண்டு உட்சுவர்களையும் தேயுங்கள். அலகு உரசாமல் போய்வர வேண்டும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி சூடேறித் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

காரைக்கால் பேத்தி

நன்றி தம்பி. வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் இருக்கிறது. அது போதாதா? துருவுக்குப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

மலைநடை

தேங்காய் எண்ணெய் மரத்தில் உலர்ந்து இறுகாது. நாளானால் சிக்கு வாடை அடிக்கும். புளி துருவை எடுக்கும், கூடவே கரிம எஃகைக் கறுக்கவும் வைக்கும். நுண்ணிய உப்புத்தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள்.

இரும்புக்கடை (சேன்-பெனுவா)

இருபது ஆண்டுகளாகக் கத்தி விற்கிறேன், அதனால் சொல்கிறேன். நம் கிழக்குக் கரை ஈரத்துக்கு, அதுவும் எலுமிச்சையும் மாங்காயும் அரியும் கைக்கு, கரிம எஃகு வேண்டாம். அதைத் தீட்டுவது எளிது, உண்மைதான். ஆனால் புளிப்பு பட்டால் கறுக்கும். துடைக்காமல் ஓர் இரவு வைத்தால் துரு. துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள் அம்மா.

நான் எடுத்துக் கொடுப்பது ஓபினெல் 8. சவோயில் ஜோசப் ஓபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி. எட்டு என்பது அளவு வரிசை எண், அலகு 8.5 சென்டிமீட்டர். கை சிறியதென்றால் 7, அதன் அலகு 8 சென்டிமீட்டர். அலகின் அடியைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். 1955இல் வந்த ஏற்பாடு அது. நார் அறுக்கும்போது கத்தி விரல் மேல் மடங்கினால் என்ன ஆகும் என்று கையில் தையலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டு இல்லாததை உங்களுக்குத் தர மாட்டேன். விக்டோரினாக்ஸ் சிவப்புக் கத்தியின் பிடி ஊதாது, கத்தரிக்கோலும் கிடைக்கும். ஆனால் அதன் சிறிய வகைகள் பெரும்பாலும் பூட்டில்லாதவை.

ஓபினெல் வாங்கும்போது அலகில் ‘இனாக்ஸ்’ (துருப்பிடிக்காத எஃகு) என்று பொறித்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதே கத்தி கரிம எஃகிலும் வருகிறது, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. இதற்கும் பிடி மரம்தான். வாங்கிய அன்றே எண்ணெய் பூசுங்கள், மழையில் விடாதீர்கள். கூர் மழுங்கினால் சாணைக்கல் தேடி அலைய வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் அலகை 20 பாகை சாய்த்து, பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தால் போதும்.

தெற்குவாசி (சேன்-பியேர்)

பஸ்ஸில் தாராளமாகக் கொண்டுபோகலாம். அலகு உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தால் சட்டம் ஒன்றும் செய்யாது.

வழக்குத்தாள் (சேன்-தெனி)

மன்னிக்கவும் அண்ணா, இது பலரும் நம்பும் தவறு. வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்வதால் அழுத்திச் சொல்கிறேன். நம் தீவில் செல்லும் பிரெஞ்சுச் சட்டத்தில் உள்ளங்கைக் கணக்கு எதுவும் கிடையாது. அதன் ஆயுத வகைப்பாட்டில் கத்தி ‘டி’ வகை ஆயுதமாகக் கருதப்படலாம். தக்க காரணம் இல்லாமல் வெளியே எடுத்துச் செல்வது குற்றம். ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை விதிக்க இடமுண்டு. வயது வந்தவர் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் தவறில்லை.

அக்காவுக்குத் தோட்ட வேலை உண்மையான காரணம். மாலை கட்டும் பணியும் அப்படியே. நார், பூக்கூடை, கையுறை ஆகியவற்றோடு கத்தியை மடக்கித் துணியில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள். வேலை முடிந்ததும் வீட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். மறந்து இடுப்பில் செருகிக்கொண்டு கடைவீதிக்குப் போனால் அந்தக் காரணம் நிற்காது. ‘தற்காப்புக்கு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் காரணமாக ஏற்க மாட்டார்கள். காவடி நாளன்று அவ்வளவு கூட்டத்தில் கையில் வைத்திருக்காமல் மடப்பள்ளியிலேயே விட்டுவிடுங்கள்.

காரைக்கால் பேத்தி

எல்லோருக்கும் நன்றி. மணைப்பலகையில் தட்டினேன். ஏழாவது தட்டில் அலகின் நகக்குழி வெளியே தெரிந்தது. கந்தைத் துணியால் பிடித்து மெதுவாகத் திறந்துவிட்டேன். இப்போது சமையலறை அலமாரி மேல் காய்கிறது. இனி அது தோட்டத்துக்கு மட்டும்.

புதிதாக 8 வாங்கினேன், ‘இனாக்ஸ்’ எழுத்தைப் பார்த்துத்தான். இன்று காலை அதில் ஐந்து எலுமிச்சை அரிந்தேன். வெட்டிய முகம் வெள்ளையாகவே இருந்தது, வாடையும் இல்லை. வளையத்தை மட்டும் இரண்டு கையாலும் திருப்ப வேண்டியிருக்கிறது. புதிதென்பதால் இறுக்கமா, இல்லை நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

இரும்புக்கடை

புதிதில் அப்படித்தான் இருக்கும் அம்மா. வளையத்தின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மடக்கிய நிலையில் முப்பது முறை இங்கும் அங்குமாகத் திருப்புங்கள். அதன் பிறகும் இறுக்கமாக இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறேன்.