கரண்ட் போன பிறகும் பேசிய பெட்டி: வானொலி, தூர்தர்ஷன் அனுபவங்களைப் பகிருங்கள்

மன்னார்குடிக்காரன்

கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். ராத்திரி முழுக்கத் தென்னைகள் முறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. ரோடெல்லாம் மரம் கிடந்ததால் பக்கத்து ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கவும் வழியில்லை.

அப்பாதான் பரணிலிருந்து பழைய டிரான்சிஸ்டரை இறக்கினார். டார்ச் லைட்டிலிருந்து பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி அதில் போட்டார். முதலில் வெறும் இரைச்சல். முள்ளை 936-க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பினார். மத்திய அலை ரேடியோவுக்குள்ளே கறுப்பாகக் கம்பி சுற்றிய ஒரு கட்டை இருக்கும், அதுதான் ஏரியல். அதன் முனை நிலையத்தைப் பார்த்தபடி இருந்தால் சத்தம் செத்துப்போகும், பக்கவாட்டில் இருந்தால் தெளியும். அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் திண்ணையில் எந்த மூலையில், எந்தப் பக்கமாக வைத்தால் திருச்சி எடுக்கும் என்று நாற்பது வருஷப் பழக்கம் கைக்குத் தெரிந்திருந்தது.

எடுத்தது. திருச்சி வானொலியின் குரல் வந்ததும் எதிர்வீட்டு அத்தை ஈரத்தலையோடு ஓடிவந்தார். கால் மணி நேரத்தில் திண்ணை நிறைந்துவிட்டது. எங்கெங்கே சேதம், முகாம் எங்கே, பள்ளிகளுக்கு விடுமுறை, மழை இன்னும் உண்டா என்று வாசித்துக்கொண்டே போனார்கள். குரலில் பதற்றம் கொஞ்சமும் இல்லை. அந்த நிதானத்தைக் கேட்ட பிறகுதான் அம்மா எழுந்து போய் அடுப்பு மூட்டினார். எங்களுக்கு மறுபடி மின்சாரம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் ஊருக்குச் செய்தி அந்தப் பெட்டிதான்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கும் திருச்சி நிலையத்துக்கும் உறவு பழசு. 1939-இல் தொடங்கிய நிலையம் அது. அறுபதுகளில் ஆடுதுறை 27 நெல் வந்தபோது, குறுவைக்கு அதை எப்படிப் பயிர்செய்வது, எப்போது உரம் வைப்பது என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் விவசாயிகள் அதை எடுத்தார்கள். அதனால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயராகிவிட்டது. என் தாத்தா கடைசிவரை ஆடுதுறை 27 என்று சொன்னதே இல்லை. “அந்த வருஷம் ரேடியோ போட்டிருந்தோம்” என்பார். தெரியாதவர்கள் கேட்டால் குழம்பிப்போவார்கள்.

தென்கச்சி கோ. சுவாமிநாதனும் பண்ணை நிகழ்ச்சி வழியாக வந்தவர்தான். ‘இன்று ஒரு தகவல்’ வருகிற காலையில் எங்கள் வீட்டில் யாரும் பாத்திரத்தை உருட்டக் கூடாது. சிரிக்க வைக்கிற விஷயத்தைத் தான் சிரிக்காமல் சொல்லி முடிப்பார். அது போல இன்னொருவர் வரவில்லை என்பது என் எண்ணம்.

சரி, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கடலோரவாசி

தூத்துக்குடிப் பக்கம் மீன்பிடிக் குடும்பம் நாங்கள். கட்டுமரத்தில் போன காலத்திலிருந்தே அப்பா ரேடியோவைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போவார். மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கை வருகிற நேரத்தில் வலை கையில் இருந்தாலும் ஒரு காது அங்கேதான். “கடலுக்குள்ள போக வேண்டாம்னு சொல்லிட்டான்” என்று அப்பா சொன்னால் அன்றைக்கு அதற்கு மேல் பேச்சில்லை. இரவில் வெளியூர் நிலையங்கள் வந்து மோதும். சூரியன் இறங்கினால் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பி ரொம்ப தூரம் போகும் என்று பள்ளியில் படித்தபோதுதான் காரணம் புரிந்தது.

எனக்கு அதிகம் நினைவிருப்பது டிவி. தூர்தர்ஷன் சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிவிட்டது, ஆனால் அது எங்கள் கரைக்கு வந்துசேர ரொம்ப காலம் ஆயிற்று. அதற்கு முன்னால் எங்களுக்கு எட்டியது இலங்கையின் ரூபவாகினி. எங்கள் தெருவில் ஆன்டெனா எல்லாம் கடலைப் பார்த்து நிற்கும். சிங்களம் ஒரு வார்த்தை புரியாது, இருந்தாலும் உட்கார்ந்து பார்ப்போம். கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாமா மொட்டைமாடியில் ஏறி, குழாயைப் பிடித்து ஆன்டெனாவை மலைப்பக்கம் திருப்பினார். கீழே ஜன்னலில் நான். “தெரியுதா?” “புள்ளியா இருக்கு மாமா!” “இப்போ?” “ஆளு தெரியுது, சத்தம் இல்ல!” அப்புறம் திடீரென்று தமிழ் கேட்டது. அந்த வாரமே தெரு முழுக்க ஆன்டெனாக்கள் திரும்பிவிட்டன.

வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நேரத்துக்கு மாமா வீட்டு நடையில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

பாளையங்கோட்டை ஆசிரியை

நான் கேட்டவள் மட்டுமில்லை, ஒருமுறை பேசியும் இருக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. திருநெல்வேலி வானொலியில் ‘இளைய பாரதம்’ நிகழ்ச்சிக்கு ஓர் உரை எழுதி அனுப்பியிருந்தேன். ஒப்பந்தப் படிவம் தபாலில் வந்தது. எந்தத் தேதி, எத்தனை நிமிடம், எவ்வளவு சன்மானம் எல்லாம் அச்சில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டபோது ஏதோ வேலை கிடைத்த மாதிரி அப்பாவுக்குப் பெருமை.

ஒலிப்பதிவு அறையின் கதவு கனமானது. அது மூடியதும் என் காதில் என் மூச்சே கேட்டது. சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பலகை. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அம்மா என் தாள்களை வாங்கிப் பார்த்தார். நான் தைத்துக் கொண்டுபோயிருந்தேன். நூலைப் பிரித்து, தாள்களைத் தனித்தனியாக மேசையில் வைத்தார். “புரட்டினா மைக்குல மழை பெய்யும்மா. ஒண்ண வாசிச்சு முடிச்சதும் தூக்காம பக்கத்துல நகர்த்தி வை” என்றார். பிறகு, “ஆயிரம் பேருக்குப் பேசாதே, சமையல்கட்டுல நிக்கிற ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி சொல்லு” என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது தாளில் ‘ழ’ தடுக்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டி நிறுத்தி, முகம் சுளிக்காமல் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிட உரைக்கு முக்கால் மணி நேரம்.

இப்போதும் வகுப்பில் பிள்ளைகள் சத்தமாக வாசிக்கும்போது அந்தச் சமையல்கட்டு வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். பிழை வந்தால் திருப்பி வாசிக்க நேரம் கொடுப்பதும் அங்கே கற்றதுதான். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமி செய்தி வாசித்ததைக் கேட்டு உச்சரிப்பு பழகிய தலைமுறை நாங்கள். 2022-இல் அவர் மறைந்த செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் வயதானவர்கள் எல்லோரும் “செய்திகள் வாசிப்பது...” என்று ஒருமுறையாவது சொல்லிப் பார்த்தோம்.

சவுதியிலிருந்து

சின்ன அனுபவம்தான். ஊர் தேனி. இங்கே கேம்ப்பில் காலை சமைக்கும்போது நியூஸ் ஆன் ஏர் செயலியில் கொடைக்கானல் பண்பலை போடுவேன். ஊரில் 100.5 என்று கடைக்குக் கடை கேட்கும். இங்கே அடுப்பில் வெங்காயம் வதங்குகிறபோது பழைய பாட்டு ஒன்று வந்தால் கூட இருக்கிற கேரளத்துக்காரரும் முணுமுணுப்பார். அங்கே அப்போது வெயில் ஏறிவிட்டிருக்கும். அறிவிப்பாளர் இந்திய நேரம் சொல்லும்போது, அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று மனசு கணக்குப் போட்டுவிடும்.

மன்னார்குடிக்காரன்

டீச்சர் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அதான் காகிதச் சத்தமே கேட்காது” என்றார்.

ஒரு உதவி வேண்டும். அந்த டிரான்சிஸ்டரில் பேண்ட் மாற்றுகிற சுவிட்ச் தேய்ந்துவிட்டது, அழுத்திப் பிடித்தால்தான் மத்திய அலை வருகிறது. இங்கே கேட்ட இரண்டு கடையிலும் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். கொடுப்பதோ பண்பலை மட்டும் எடுக்கிற பெட்டி. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் பழைய செட் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் சரிசெய்து வைக்க வேண்டும்.