அதிகாலையில் ஐஸ்பெட்டி நின்றுபோகிறது: மூன்றாவது தடவை பேட்டரி வாங்க மனமில்லை

ஜெரஜாக் நங்கூரம் எழுதியது:

வணக்கம். 34 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றில் நானும் மனைவியும் ஒன்றரை ஆண்டாகக் குடியிருக்கிறோம். பினாங்கில் பத்து உபான் பக்கம், ஜெரஜாக் தீவைப் பார்த்தபடி நங்கூரம். கரை மின்சாரம் கிடையாது.

அதிகாலை மூன்று மணி வாக்கில் ஐஸ்பெட்டி நின்றுவிடுகிறது. மீட்டரைப் பார்த்தால் 11.5 வோல்ட். வெயில் ஏறியதும் தானே ஓடத் தொடங்குகிறது. முந்தாநாள் வாங்கிய மீன், நேற்றுக் காலை படகுத்துறைப் பூனைகளுக்குப் போனது.

இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு உபயோகத்துக்கு 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, தண்ணீர் ஊற்றும் ஈய-அமில வகை. இன்ஜினைக் கிளப்ப ஒன்று தனியாக. 100 வாட் சூரியத் தகடுகள் இரண்டு. இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 55 ஆம்பியர். மாலையில் வேலை விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட்டுகிறேன். முதல் ஜோடி பேட்டரி பதினொரு மாதம் உழைத்தது. இப்போதுள்ள ஜோடிக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. கடைக்காரர், "இது செத்துவிட்டது, பெரியதாகப் போடுங்கள்" என்கிறார். போன தடவையும் இதையேதான் சொன்னார்.

பட்டர்வொர்த் பையன் எழுதியது:

லித்தியத்துக்கு மாறிவிடுங்கள் அண்ணா. எடை பாதி, இரவு முழுவதும் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது. ஈயமெல்லாம் அந்தக் காலம்.

பழைய ஒயர்மேன் எழுதியது:

தம்பி ஜெரஜாக், அவசரப்பட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். முதலில் கணக்குப் போடுவோம்.

உங்கள் ஐஸ்பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாதி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு நாளைக்கு 55 ஆம்பியர்-மணி என்று வையுங்கள். மின்விசிறி, விளக்கு, தண்ணீர்ப் பம்பு, கைப்பேசி எல்லாம் சேர்த்து இன்னொரு 20. மொத்தம் 75. இதில் மாலை ஆறிலிருந்து அதிகாலை மூன்று வரை போவது 30, மிஞ்சினால் 35. உங்களிடம் இருப்பதோ 200. பேட்டரி மாலையில் உண்மையாகவே நிறைந்திருந்தால் மூன்று மணிக்கு 11.5 வரவே முடியாது. பேட்டரி நிறையவில்லை, அல்லது நிறையாமலே பல மாதம் கிடந்து உள்ளே கெட்டியாகிவிட்டது. என் ஊகம் இரண்டும்தான்.

பட்டர்வொர்த் தம்பிக்கு: லித்தியம் நல்ல பொருள்தான், ஆனால் அது கிடைக்கிற மின்னோட்டத்தையெல்லாம் விழுங்கும். அந்தச் சிறிய ஆல்டர்னேட்டர் சூடாகிச் சூடாகிக் கருகிவிடும். நடுவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜர் ஒன்று வேண்டும். ஓடும்போது பேட்டரியின் காவல் சுற்று திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் (மின்சாரத்தை ஒரே பக்கமாக விடும் உறுப்புகள்) போகும். நோய் தெரியாமல் மருந்து மாற்ற வேண்டாம்.

ஒன்று செய்யுங்கள். இன்ஜினை நடுத்தர வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, மல்டிமீட்டரால் மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள்: ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டில், வழியில் பெட்டி ஏதாவது இருந்தால் அதன் வெளிவாசலில், கடைசியாக வீட்டுப் பேட்டரியின் முனையில். கம்பி முனையில் வைக்காதீர்கள், ஈய முனையிலேயே வையுங்கள். சட்டைக் கை, பெல்ட்டில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெரஜாக் நங்கூரம் எழுதியது:

அளந்தேன் ஐயா. ஆல்டர்னேட்டரில் 14.2. அதற்கு அடுத்து, சுவரில் அலுமினிய இதழ்களோடு ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பழைய சொந்தக்காரர் வைத்தது. அதிலிருந்து வெளியே வரும் போல்ட்டில் 13.5. பேட்டரி முனையில் 13.3.

கம்பி முனையைத் தொட்டபோது வெந்நீர்க் குவளை போலச் சுட்டது. மேலே சுற்றியிருந்த கறுப்பு உறையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பு முழுவதும் பச்சை, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது.

பழைய ஒயர்மேன் எழுதியது:

அகப்பட்டுவிட்டது.

அந்தக் கறுப்புப் பெட்டி டயோடுப் பிரிப்பான். ஒரே ஆல்டர்னேட்டரிலிருந்து இரண்டு பேட்டரிகளுக்கும் மின்சாரம் கொடுக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பிப் போக விடாது. நல்ல எண்ணம்தான். ஆனால் டயோடைத் தாண்டும்போது 0.7 வோல்ட் வரியாகப் போய்விடுகிறது. மீதி 0.2 உங்கள் பச்சை பிடித்த கம்பி முனையில் வெப்பமாகப் போகிறது.

0.9 வோல்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆல்டர்னேட்டருக்குள் இருந்து வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் வாசலில் 14.2 வந்துவிட்டதைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொள்கிறது. பேட்டரி பட்டினி கிடப்பது அதற்குத் தெரியாது. ஈய பேட்டரி முழுமையாக நிறைய, 14.4 வாக்கில் சில மணி நேரம் நிற்க வேண்டும். 13.3 என்பது நிறைந்த பேட்டரியைப் பராமரிக்கிற வோல்ட், காலியானதை நிரப்புகிற வோல்ட் அல்ல. இப்படி அரைவயிறாகக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகும். அதன்பின் 200 என்று எழுதியிருக்கும், உள்ளே 80 கூட இருக்காது. உங்கள் முதல் ஜோடி செத்ததும் இதனால்தான். மூன்றாவது ஜோடியும் சாகும்.

சோதனைக்கு, இன்ஜினை நிறுத்தி, எல்லா பேட்டரிகளின் எதிர்முனைக் கம்பியையும் கழற்றிவிட்டு, பெட்டியின் உள்வாசல் போல்ட்டையும் வீட்டுப் பேட்டரிக்குப் போகும் வெளிவாசல் போல்ட்டையும் தடித்த கம்பியால் இணையுங்கள். கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். பேட்டரிக்குக் குறுக்கே விழுந்த ஸ்பேனர் சிவந்து பழுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு கழற்றியதை மாட்டி, இன்ஜினை ஓட்டி மறுபடி அளந்து பாருங்கள். பேட்டரி முனையில் வோல்ட் ஏறியிருந்தால், பெட்டிக்குப் பதிலாக வோல்ட்டைப் பார்த்து இணைத்துப் பிரிக்கும் ரிலே போடுங்கள். கம்பியையும் மாற்றுங்கள்: ஈயம் பூசிய செம்பு, முனையில் பசை உள்ள சுருங்கும் உறை, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இன்ஜின் ஓடும்போது பேட்டரிச் சுவிட்சைத் திருப்பவே திருப்பாதீர்கள்.

படகுக்காரி எழுதியது:

ஐயா சொன்னது சரி. ஆனால் ஒரு மணி நேர இன்ஜினை நம்பாதே தம்பி. 80 விழுக்காட்டுக்கு மேல் பேட்டரி சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும், எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் வைத்தாலும். அந்த மிச்சத்தை நிரப்ப வெயில்தான் மலிவு. நாங்கள் ஐந்து வருடம் படகில் இருந்தோம், இன்ஜினைவிடத் தகடுதான் கைகொடுத்தது.

உன் தகடுகள் எங்கே இருக்கின்றன? பாயின் கிடைக்கட்டை நிழல் விழுகிறதா? கைத்தடி அகல நிழல் ஒன்று குறுக்கே விழுந்தாலே தகட்டின் பெரும்பகுதி படுத்துவிடும். பகலில் கட்டையைக் கயிற்றால் ஒரு பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டு மீட்டரைப் பார். பேட்டரி வெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் பக்கத்தில் வைத்தால் 40 டிகிரி தாண்டும். 25 டிகிரிக்குக் கணக்குப் போட்ட சார்ஜ் வோல்ட்டிலிருந்து 0.35 வோல்ட் வரை குறைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் பேட்டரித் தண்ணீர் ஆவியாகி உள்ளே இருக்கும் ஈயத் தகடு வெளியே தெரியும். காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்று, குழாய்த் தண்ணீர் ஆகாது.

ஜெரஜாக் நங்கூரம் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பெட்டியைத் தாண்டிக் கம்பி கொடுத்ததும் பேட்டரி முனையில் 14.1 வந்தது. புது முனை அடித்தபின் 14.2. பெட்டியைக் கழற்றிவிட்டு ரிலே வைத்தாயிற்று. அக்கா சொன்ன நிழலும் உண்மை: கட்டையை நகர்த்தியதும் நண்பகலில் 4 ஆம்பியர் 9 ஆனது. பேட்டரி அறையில் 34 டிகிரிதான்.

இன்று அதிகாலை மூன்று மணிக்குப் பார்த்தேன்: 12.1, ஐஸ்பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அடர்த்திமானியால் பேட்டரி அமிலத்தை அளந்ததில், பேட்டரிக்குள் இருக்கும் அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.02 குறைவு. பழைய படிவு போகுமா?

பழைய ஒயர்மேன் எழுதியது:

0.05 தாண்டியிருந்தால் அந்த அறை போய்விட்டது என்று சொல்லியிருப்பேன். 0.02க்கு முயற்சி செய்யலாம். கரை மின்சாரம் உள்ள படகுத்துறையில் ஒரு நாள் கட்டி, சார்ஜரில் சமன்படுத்தும் முறை (எல்லா அறைகளும் ஒரே நிலைக்கு வர வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றுவது) இருந்தால் 15.5 வோல்ட்டில் சில மணி நேரம் விடுங்கள். தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும் இது பொருந்தும். முன்னதாக ஐஸ்பெட்டி, ரேடியோ எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மணிக்கொரு தடவை அடர்த்தியை அளந்து, ஏறாமல் நின்றதும் நிறுத்துங்கள். ஹைட்ரஜன் கிளம்பும், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே மழையில்லாத நாளாகப் பாருங்கள், பேட்டரி அறைப் பலகையைத் திறந்தே வைத்தாக வேண்டும். அன்றைக்குச் சமையல் கரையில்.