உற்பத்தி நின்றுபோன காருக்குப் பின்பக்க ஸ்பிரிங்

கேள்வி: அப்பா ஓட்டிய கார், விற்க மனமில்லை. பின்னால் இருவர் அமர்ந்தாலே தாழ்ந்து, பள்ளங்களில் அச்சு ரப்பர் தடுப்பில் இடிக்கிறது. ஷாக் அப்சார்பர் புதிது. அசல் சுருள் ஸ்பிரிங் கிடைக்கவில்லை. வேறு காருடையதைப் பொருத்தலாமா?

பதில்: உயரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். மற்றவை மாறாமல் 12 மி.மீ. கம்பி 13 ஆனாலே விறைப்பு ஏறத்தாழ 38 சதவீதம் கூடிவிடும்; முதுகுதான் பாடுபடும். ஸ்பிரிங் பட்டறையில் அதே அளவில் புதிதாகச் சுற்றுவதையே நான் விரும்புவேன்.

பதில்: இடது, வலது ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதைச் சூடாக்கி நீட்டித் தருவதாகச் சொன்னால் சம்மதிக்கவே வேண்டாம். எஃகின் பதம் கெட்டுவிடும்.

கேட்டவர்: நன்றி ஐயா. கழற்றி அளக்கிறேன்.

பதில்: ஜாக்கை மட்டும் நம்பாமல் வண்டியைத் தாங்கிகளில் (ஜாக் ஸ்டாண்ட்) நிறுத்துங்கள். புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை) போல்ட்டுகளை வண்டி சக்கரங்களில் நின்றபின்பே முழுதாக இறுக்குங்கள்.