சினைவிடத் தூண்டல்: கெண்டை மீனுக்குப் போடும் ஊசிக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

குளத்துக் கெண்டை மீனை ஊசி போட்டு முட்டையிட வைப்பதை ஆங்கிலத்தில் induced breeding என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்றுதான் நமக்குள் பேசிவருகிறோம். 'தூண்டப்பட்ட இனப்பெருக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பண்ணையில் 'தூண்டப்பட்ட' என்று யார் வாயிலும் வராது. அப்புறம், இனப்பெருக்கம் என்றால் சினை பிடிப்பது முதல் குஞ்சு பொரிப்பது வரை எல்லாம் அடங்கிவிடும். ஊசி செய்யும் வேலையோ ஒன்றே ஒன்றுதான்.

கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை வகைகள் மூன்றும் ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் புதுவெள்ளம் கண்டால்தான் முட்டையிடும். குளத்தில் விட்டு வளர்த்தாலும் சினை பிடிக்கும், வயிறு பருக்கும். ஆனால் வெள்ளம் இல்லாததால் முட்டையை விடாது. பருவம் தப்பினால் சினை உள்ளேயே கரைந்துபோகும். அதனால்தான் அந்தக் காலத்தில் குளத்துக்கு வேண்டிய குஞ்சுகளை ஆற்றில் வாரிவந்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி, குளத்து மீனையே முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

ஆக, ஊசி சினையை உண்டாக்குவதில்லை. இருக்கும் சினையை வெளியே விடவைக்கிறது. அக்கா சொன்ன 'சினைத்தூண்டல்' அழகான சொல்தான், ஆனால் சினை பிடிக்கவைப்பது என்று பொருள்பட்டுவிடும். 'சினை ஊசி' வேண்டவே வேண்டாம். கிராமத்தில் அது மாட்டுக்குப் போடுவது. அங்கே சினை பிடிக்க ஊசி, இங்கே சினையை விட ஊசி.

என் பரிந்துரை: சினைவிடத் தூண்டல்.

ஆண்மீனுக்கும் ஊசி போடுகிறோமே, அதற்கு எங்கே சினை என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தால் விடை தெரியும். சாயங்காலம் தாய்மீனைக் கைவலையில் ஏந்தி, வால் அடியில் செதிலுக்குக் கீழே ஊசியை இறக்குவார்கள். பிட்யூட்டரிச் சாறு என்றால் பெண்ணுக்கு இரண்டு தவணை, இடையில் ஆறு மணி நேரம். ஆணுக்கு ஒன்றே போதும். அதையும் பெண்ணின் இரண்டாம் ஊசியோடுதான் போடுவார்கள். அப்புறம் எல்லா மீன்களையும் ஹாப்பாவில், அதாவது தண்ணீருக்குள் கட்டிவைத்த துணி அடைப்பில், விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில மணி நேரத்தில் ஆண் பெண்ணைத் துரத்தும், தண்ணீர் தெறிக்கும், விடியும்போது ஹாப்பா முழுக்க சவ்வரிசி ஊறினாற்போல முட்டை கிடக்கும். எல்லாக் கணக்கும் பெண் சினை விடும் நேரத்தை வைத்துத்தான். பெயரும் அதை வைத்தே அமையட்டும்.

ஊசி மருந்தைச் 'சினைவிடு மருந்து' என்று சொல்லலாம். இப்போது ஒரே தவணையில் போடும் செயற்கை ஹார்மோனுக்கும் அது பொருந்தும்.

ஹாப்பாவுக்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். 'துணித்தொட்டி' என எழுதிப் பார்த்தேன், சிமெண்ட் தொட்டியோடு குழம்புகிறது. பண்ணையில் எல்லோரும் ஹாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது அப்படியே இருக்கட்டும்.